ஜாஸ் ஊதப் போற பேராண்டிக்கு

வாடா தொர, உக்காரு. அந்தப் பொட்டிய மடியில வெச்சிக்க. கீழ வெச்சின்னா உங்க ஆயா கோழிமுட்ட அடுக்க எடுத்துக்கினு பூடுவா. மொத சம்பளத்துல அப்பனுக்கு வேட்டி எடுப்பாங்க, ஆத்தாளுக்குப் பொடவ எடுப்பாங்க. நீ யமஹா கம்பெனி வெள்ளிக் கொழல எடுத்துக்கினு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எறங்கியிருக்க. அதுவும் ஜாஸ் ஊதப் போறன்னு சொல்ற. ரொம்ப சந்தோசம். நம்ம ஊர்ல மல்லாட்ட புடுங்கத்தான் ஆளு கெடைக்கல, ஜாஸ் ஊதவாவது வீட்டுக்கு ஒரு ஆளு இருக்கட்டும்.

கெழவனுக்கு இன்னா தெரியும்னு சிரிக்காத. ஆரோவில்லுல வேன் ஓட்டனவன்டா நான். பின்னாடி உக்காந்திருக்கிற வெள்ளக்காரன் கேசட்டக் குடுப்பான், நான் போடுவன். மெட்ராசு ஏர்போர்ட்டு போய்ச் சேர்ற வரைக்கும் அதேதான் ஓடும். வேற பாட்டு போடுங்கன்னு கேக்க எனக்கு இங்கிலீசு வராது. அப்பிடி வேற வழியில்லாம கேட்டுக் கேட்டு வந்த ஞானம் இது. காசு குடுத்து வாங்கனது இல்ல, அதனால கொஞ்சம் நம்பலாம்.

மொத புத்திமதி கேட்டுக்க: ஊதாத. ஊதனாத்தான் வராதுன்னு தெரிஞ்சிபோவும். அதுக்குப் பதிலா வாங்கு. தாள் வெக்கிற ஸ்டேண்டு வாங்கு, தொடைக்கிற கம்பி வாங்கு, சுதி பாக்கிற மிஷினு வாங்கு. நெட்டுல ஆறு வாத்தியாருகிட்ட ஆறு கோர்ஸ் வாங்கி, ஆறுலயும் மொதப் பாடத்த மட்டும் பாரு. அமெரிக்காவுல ஜேமி ஏபர்சோல்டுன்னு ஒருத்தரு 1967-லேர்ந்து கூட வாசிக்கிற ரெக்கார்டு போட்டுக்கினே இருந்தாரு. நூறு வால்யூம் தாண்டிப் போச்சி. ஒரு பக்கம் பியானோ, இன்னொரு பக்கம் பாஸ், நடுவுல டிரம்ஸ். உன் கச்சேரிக்கு ஆளே வேணாம். எவனும் லேட்டா வர மாட்டான், எவனுக்கும் சாப்பாடு போட வேணாம். நூறையும் எறக்கி வெச்சிக்கினியானா அத அடுக்கி வெக்கிறதுலயே உனக்குக் கல்யாண வயசு தாண்டிடும்.

சிரிக்கிற இல்ல? உன் போன்ல எத்தினி இருக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்க ஆயா போன்ல போட்டோ எடுக்க எடமில்லன்னு நீ அழிச்சது எதன்னும் தெரியும்.

சரி, கொழலக் காட்டு. பளபளன்னு இருக்குது. இத மொதல்ல பண்ணவன் ஜெர்மனியில மியூனிக் ஊருக்காரன், தியோபால்ட் போம். தட்டான் வேல தெரிஞ்ச ஆளு. நம்ம பக்கம் தட்டான் செஞ்சிருந்தா கொழாயில பாதி வேற எங்கயாவது போயிருக்கும். அவன் ஒழுங்கா 1847-ல உருண்டக் கொழாயா ஒலோகத்துல அடிச்சி, வெரல் எட்டாத எடத்துல எல்லாம் ஓட்ட போட்டு, அத மூட சாவி வெச்சான். இன்னிக்கு ஒலகம் பூரா ஊதறது அவன் போட்ட கணக்குத்தான்.

மூங்கிக் கொழல் எதுக்கு ஆவாதுன்னு கேட்டியே. ஆவாதுன்னு எவன் சொன்னான்? நம்மூருக் கொழலுல எட்டு ஓட்ட, ஊதற ஓட்ட தனி. வடக்கத்தி பான்சுரியில ஆறு. ஒரு கொழலுக்கு ஒரு கட்ட. நாலரக் கட்டக் கொழலுன்னா அதுல நாலரக் கட்டப் பாட்டு சொகமா வரும். ஜாஸ்ல பாட்டு ஓடிக்கினு இருக்கும்போதே சட்ஜம் எடம் மாறும். ஜான் கோல்ட்ரேன் 1960-ல ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’னு ஒண்ணு வெளியிட்டாரு. அதுல மூணு ஆதார சுதி, மூச்சு விடறதுக்குள்ள ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவும். மூங்கிக் கொழல்காரன் அரை ஓட்ட, கால் ஓட்ட மூடி அத்தனையும் புடிப்பான், இல்லாட்டி மூணு கொழல இடுப்புல சொருகிக்கினு நிப்பான். அதுக்காவத்தான் இந்தச் சாவி வெச்ச கொழல். நீ இன்னும் ஒரே சுதியில ‘ஜிங்கில் பெல்ஸ்’ ஊதற. ஆனா முன்னேற்பாடு நல்லதுதான்.

இப்ப அந்த சாவியத் தூக்கிப் பாரு. அடியில வட்டமா ஒரு மெத்த இருக்குதா? உள்ள கம்பளி, மேல மெல்லிசாத் தோலு. அது ஓட்ட மேல ஒட்டன மாதிரி உக்காந்தாத்தான் சுதி நிக்கும், முடி கனம் எடம் விட்டாக்கூட கீழ் ஸ்வரம் பேசாது. மழ நாள்ல உப்பும், கத்திரியில காயும். பண்ருட்டி பலாச்சொள தின்னுட்டு வாயக் கழுவாம ஊதன பாரு, அந்த இனிப்பு எச்சி உள்ள எறங்கி மெத்த பிசுக்கு புடிச்சிக்கும், சாவி ‘ப்ச்’னு சொல்லிக்கினு எழும்பும். அதுக்கு வைத்தியம் சிகரெட்டு சுத்தற மெல்லிசுத் தாளு. சாவிக்கும் ஓட்டைக்கும் நடுவுல தாள வெச்சி, லேசா அமுக்கி, வெடுக்குனு இழுக்காம சாவியத் தூக்கி எடுக்கணும். போன தடவ நீ வந்தப்ப உன் சட்டப் பையில அந்தத் தாள் கெடந்துது. உங்க ஆயா மூணு நாளு சாப்பிடல. பேரன் கெட்டுப்போனான்னு மயிலம் முருகனுக்கு முடி வேண்டிக்கினா. கொழலுக்குத்தான்டின்னு நான் சொன்னதுக்கு, ரெண்டு பேரும் சேந்துதான் பிடிக்கிறீங்கன்னு எனக்கும் வேண்டிக்கினா. முடி உன்னுதும் எறக்கணும், என்னுதும் எறக்கணும். எனக்கு நஷ்டம் கம்மி.

இனிமே சொல்றது வெளையாட்டு இல்ல.

கொழலு ஏழ வாத்தியம்டா. சத்தத்துல ஏழ. நம்மூரு கூத்துல ஆர்மோனியம் இருக்குது, மிருதங்கம் இருக்குது, தாளம் இருக்குது, முகவீண இருக்குது. கொழல் எங்கயாவது இருக்குதா? ராத்திரி ரெண்டு மணிக்குத் துரியோதனன் காலத் தூக்கி ஒதறும்போது, சலங்க சத்தத்துல கொழல் எவன் காதுல விழும்? முகவீண பாக்க ஒரு சாணு, ரெண்டு சாணு. ஆனா சீவாளி வெச்சது. ஊதனா மூணாவது ஊருல படுத்திருக்கிறவன் எழுந்து பாய சுருட்டுவான். கோயிலுக்கு நாகஸ்வரம் வந்ததும் அதே கணக்குத்தான். கொழலு கிருஷ்ணன் கையில படத்துலயே நின்னுக்கினு இருந்துது. கும்பகோணத்துல சரப சாஸ்திரின்னு ஒருத்தரு, 1872-ல பொறந்தவரு, கண்ணு தெரியாது, அவரு எடுத்து வாசிச்ச பெறகுதான் கச்சேரி மேடையில அதுக்குத் தனியா ஒரு எடம் கெடச்சுது. 1904-லயே போயிட்டாரு. பெறகு பல்லடம் சஞ்சீவ ராவ், அதுக்கப்புறம் திருவிடமருதூரு மாலி. மாலி ஏழு வயசுல மயிலாப்பூர்ல மேடை ஏறனவரு. கச்சேரிக்கு வந்தா தெய்வம், வருவாரான்றதும் தெய்வத்துக்குத்தான் தெரியும்னு அந்தக் காலத்து ரசிகருங்க சொல்வாங்க. நீ ரெண்டாவது விஷயத்த மட்டும் அவருகிட்டேர்ந்து கத்துக்கினா மாதிரி தெரியுது.

ஜாஸ்லயும் கத அதேதான். அங்க டிரம்பெட்டு, டிராம்போன், சாக்ஸு. அந்தக் கூட்டத்துல கொழல் வாயத் தொறக்க முடியுமா? 1927-ல கூபாக்காரரு ஆல்பெர்ட்டோ சொகாரஸ் ஒரு ரெக்கார்டுல தனியா ஊதிக் காட்டனாரு. ஆனா எவனும் அவுரு பின்னாடி ஓடல. மைக்கு நல்லா வந்து, 1950-கள்லதான் கொழலுக்குக் காலம் பொறந்துது. வந்தவங்களும் முக்காவாசி சாக்ஸ் வாசிக்கிறவங்க. கவுன்ட் பேசி குழுவுல பிராங்க் வெஸ், அப்புறம் ஹெர்பி மேன், யூசெப் லத்தீப், எரிக் டால்ஃபி. சாக்ஸ வெச்சிட்டுக் கொழல எடுப்பாங்க, திரும்ப சாக்ஸ எடுப்பாங்க. பெரியவீடு, சின்னவீடுன்னு வெச்சிக்கயேன். ஹியூபர்ட் லாஸ் மாதிரி கொழலையே குடும்பம் பண்ணவங்க கொஞ்சம் பேருதான்.

இதுல என் ஆளு ரொலாண்ட் கர்க். அவரும் கண்ணு தெரியாதவரு. கும்பகோணத்துல ஒருத்தரு, ஒஹாயோவுல ஒருத்தரு, கண்ணு இல்லாத ரெண்டு பேருதான் இந்த ஏழைக்கு வக்காலத்து வாங்கியிருக்காங்கன்னு நான் நெனச்சிக்குவன். கர்க் கழுத்துல மூணு ஊதுகொழாய் தொங்கும், மூணையும் ஒரே சமயத்துல ஊதுவாரு. மூக்காலயும் கொழல் ஊதுவாரு. 1964-ல கொழலு மட்டும் வெச்சே ஒரு ரெக்கார்டு போட்டாரு, ‘ஐ டாக் வித் த ஸ்பிரிட்ஸ்’. அதுல ஊதும்போதே தொண்டையாலப் பாடுவாரு, திட்டுவாரு, மொனகுவாரு. ரெண்டு சத்தமும் உள்ள மோதி கரகரன்னு ஒண்ணு வரும் பாரு, வேன்ல அந்தக் கேசட்டு ஓடனப்ப இன்ஜின்ல எதோ கழண்டுக்கிச்சின்னு நெனச்சி மரக்காணத்துல ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கிட்டன். வெள்ளக்காரன் சிரிச்ச சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்குது. அவருக்கு முன்னாடியே சாம் மோஸ்ட்டுன்னு ஒருத்தரு அந்த வேலயப் பண்ணியிருக்காரு. கொழலுக்குச் சத்தம் பத்தலன்னா தன் கொரலையே கடன் குடுக்கிறது. அவ்ளோதான் வித்த.

நீயும் பண்ணிப் பாரு. மொதல்ல ஒரே ஸ்வரத்த ஊதிக்கினே அதே ஸ்வரத்த மொனகு. அது நின்ன பெறகு, ஊதறது அங்கயே நிக்க, மொனகறத மட்டும் மேல ஏத்து. கழனியில போயி பண்ணு. வீட்ல பண்ணா ஆயா விபூதி கொண்டாருவா.

மூச்சுக்கு வேற பாடம் வேணுமா? நீ ஊதற காத்துல பாதி வெளியதான் போவுது. அது கொழலோட கொணம். நாகஸ்வரத்துல காத்து மொத்தமும் சீவாளிக்குள்ள போவும். கொழல்ல ஓட்டயோட எதிர்க்கரையில காத்த அறுக்கணும், பாதி உள்ள, பாதி வெளிய. அதனாலதான் புதுசா ஊதறவன் பத்து நிமிஷத்துல தலய சுத்தி உக்காந்துடறான். ஒதட்ட இறுக்காத. காலி சோடா பாட்டில் வாயில ஊதி கும்முனு வரவெச்சவன்தான நீ, அந்த ஒதட்ட இங்கக் கொண்டா. சுதி மிஷின அப்பறம் பாத்துக்கலாம்.

வாத்தியார் எங்க கெடைப்பாருன்னு கேட்ட. விழுப்புரத்துல அரசு இசைப்பள்ளி இருக்குது, மூணு வருஷப் படிப்பு. பாட்டு, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் சொல்லிக் குடுக்கிறாங்க. கொழல் இல்ல. பாத்தியா, அங்கயும் ஏழைக்குச் சீட்டு இல்ல. ஆனா நீ போயி மிருதங்கத்துல சேரு. ஏன்னு பின்னாடி சொல்றன். மெட்ராசுக்குப் போனா அடையாத்துல அரசு இசைக் கல்லூரியில கொழல் உண்டு, மவுண்ட்ரோடுல 1842-லேர்ந்து இருக்கிற மியூசி மியூசிகல்ல மேனாட்டு வாத்தியம் கத்துக்கலாம், ரகுமான் 2008-ல ஆரம்பிச்ச கே.எம். கன்சர்வேட்டரி இருக்குது. பரிட்ச எழுதித்தான் தீருவன்னா லண்டன்காரன் ஏபிஆர்எஸ்எம் ஜாஸ் கொழலுக்கே அஞ்சு கிரேடு வெச்சிருக்கான். அஞ்சையும் பாஸ் பண்ணி சர்ட்டிபிகேட்ட பிரேம் போட்டு மாட்டு. ஓட்டு வீட்டுக்கு ஆணி அடிக்க நானே வரன்.

ஆனா நீ ஒண்ணு பாக்கல. நீ ஜாஸத் தேடி அமெரிக்கா பாத்துக்கினு நிக்கிற, அந்த ஜாஸ்காரன் உன் வாசலத் தாண்டிப் போயி வந்துக்கினு இருக்கான். திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் போயி, கடக்கர ரோட்டுல வடக்க திரும்பனா செய்யூர் வட்டம். அங்க சொர்ணபூமின்னு பேரு வெச்ச எடத்துல 2010-ல ராணிப்பேட்டப் புள்ள கிட்டார் பிரசன்னா ஒரு இசை அகாடமியே ஆரம்பிச்சாரு. ஜாஸு, ராக்கு, கர்நாடகம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. சவுக்குத் தோப்புக்குப் பக்கத்துல ஜாஸ் சொல்லிக் குடுத்தாங்கடா. நீயானா அந்த ரோட்டுலதான் தர்பூசணி தின்னுட்டு பாண்டிச்சேரிக்கு பைக்கு விட்ட. ஆரோவில்லு நம்ம ஜில்லாதான், அங்க ‘ஸ்வரம்’னு ஒரு பட்டற, புதுப்புது வாத்தியமா செஞ்சி வெச்சிருக்காங்க. எட்டிப் பாத்தியா?

இன்னும் கேளு. பாஸ்டன்காரரு சார்லி மரியானோ, பேரு போன சாக்ஸ்காரரு, நம்ம நாகஸ்வரத்தத் தூக்கி ஜாஸ் மேடையில ஊதனாரு. பெங்களூரு தாளவாத்தியக் கல்லூரிக்காரங்களோட சேந்து 1983-ல ‘ஜோதி’ன்னு ஒண்ணு போட்டாரு. ஜேம்ஸ் நியூட்டன், கொழலு ஒண்ணையே வெச்சிப் பொழைக்கிற அமெரிக்க ஜாஸ்காரரு, நம்ம கத்ரி கோபால்நாத்தோட 1999-ல ‘சதர்ன் பிரதர்ஸ்’ வெளியிட்டாரு. கூத்தப் பாரு: அமெரிக்காக்காரன் கையில கொழல், கர்நாடக வித்வான் கையில சாக்ஸு. சம்பந்தம் பண்ணி சீர்வரிச மாத்திக்கினாங்க. ஜான் மெக்லாஃப்லின் 2007-ல மெட்ராசுக்கே வந்து ‘ஃபுளோட்டிங் பாயின்ட்’ ரெக்கார்டு பண்ணாரு, அதுல மூங்கிக் கொழல் நம்ம சசாங்க். வீணை தனம்மாளோட பேரன் விஸ்வநாதன், பாலசரஸ்வதி தம்பி, அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல ஒக்காந்து வெள்ளக்காரப் பசங்களுக்குக் கொழல் சொல்லிக் குடுத்தாரு. அவனுங்கல்லாம் இங்க வந்து எடுத்துக்கினு போயிட்டானுங்க. நீ அத டாலர்ல கோர்ஸா வாங்கற.

மிருதங்கத்துல சேருன்னேனே, அதுக்கு வரன். ஜாஸ்ல ‘ஸ்விங்’குன்னு ஒண்ணு இருக்குதாமே, அது வரமாட்டேங்குதுன்னு போன்ல அழுத. நீ ரெண்டு ஸ்வரத்தையும் சரிசமமா அறுத்துப் போடற, ரேஷன் கடைக்காரன்கூட அவ்ளோ கரெக்டா எட போட மாட்டான். வாயத் தொற. ‘தகிட தகிட’ சொல்லு. இப்ப ‘கி’ய முழுங்கு, எடத்த மட்டும் விடு. த…ட, த…ட, த…ட. மொத ஸ்வரம் நீளம், ரெண்டாவது குட்ட. பாத்தியா, தோள் தானா ஆடுது. திஸ்ரம்டா அது. நடு வேகத்துல இந்தக் கணக்கு ஏறக்கொறய நிக்கும், வேகம் புடிச்சா சமத்துக்குக் கிட்ட வந்துடும், அத காதுதான் பாத்துக்கணும். நாலு நாலு கணக்கா மாத்தி மாத்தி வாசிச்சி சண்ட போடுவாங்களே ஜாஸ்ல, அது தவில்காரங்க தனியில போடற குறைப்புக்கு ஒண்ணுவிட்ட தம்பி. நம்ம ஆளுங்க எட்டு, நாலு, ரெண்டுன்னு கொறச்சிக்கினே வந்து அடிதடியில முடிப்பாங்க. அவங்க நாலுலயே நின்னுடுவாங்க, நல்ல குடும்பத்துப் பசங்க.

ப்ளூஸ் வேணுமா? சுத்த தன்யாசி அஞ்சு ஸ்வரம் இருக்குதே, சகமபநி, அத எடுத்துக்க. மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவுல இருக்கிற ஸ்வரத்த ஒரு திருட்டுத்தனமாத் தொட்டுட்டு வந்துடு. அவ்ளோதான், உன் கோர்ஸ்ல மூணு பாடம் முடிஞ்சிபோச்சி. எவ்ளோ கட்டன அதுக்கு? சொல்லாத, எனக்கு பிரஷரு இருக்குது.

எரிக் டால்ஃபி பறவைங்க கத்தறதுக்குப் பதில் ஊதிப் பழகனவரு. 1964-ல 36 வயசுல பெர்லின்ல போய்ச் சேந்தாரு. நமக்குக் கழுவெளி இருக்குது, 2021-ல பறவைகள் சரணாலயம்னே கவர்மெண்டுல அறிவிச்சிட்டாங்க. விடியறதுக்குள்ள போனா கத்தற கத்துல ஒரு வருஷத்துக்கு வேண்டிய பாடம் இருக்குது. கரையோரமா நின்னு ஊது. பறவ மெரண்டு பறந்துதுன்னா வனத்துறைக்காரரு வந்து நிப்பாரு, என் பேரச் சொல்லாத.

இப்ப விஷயத்துக்கு வரன். மேல்மலையனூர் பக்கத்துல ஒரு ஊர்ல துரோபதையம்மனுக்கு பாரதம் நடக்குது. வர்ற சனிக்கெழம கூத்து. முகவீணைக்காரரு எனக்குப் பழக்கம். மனுசன் நாலஞ்சு சீவாளிய நூல்ல கோத்துத் தொங்கவிட்டுக்கினு, ஒண்ண மட்டும் கன்னத்துக்குள்ள அடக்கி ஊற வெச்சிக்கினே பேசுவாரு. பேச்சு நின்னா சீவாளி பதமாயிட்டுதுன்னு அர்த்தம். பாடறவன் எந்த அடிய எங்க இழுப்பான், எங்க முழுங்குவான்னு அவனுக்கே தெரியாது. இவுரு அவன் வாயப் பாத்துக்கினே பின்னாடி போயி, அவன் மூச்சு வாங்கற எடத்துல பூந்து நெரப்பிட்டு வெளிய வந்துடுவாரு. விடிய விடிய, தாள் இல்லாம. நீ அவுரு பின்னாடி உக்காந்து, எங்க பூந்தாரு, எங்க வுட்டாருன்னு மட்டும் பாரு.

உன்னப் பத்தி சொல்லி வெச்சிருக்கன். கட்டியக்காரன் வரதுக்கு முன்னாடி, ஜனங்க பாய விரிச்சிக்கினு எடத்துக்குச் சண்ட போடற நேரம் இருக்குது இல்ல, அப்ப ஒரு பாட்டு ஊத விடறன்னு கூத்து வாத்தியாரு ஒத்துக்கினாரு. மைக்கு கிட்டக்க நில்லு. எவனாவது ‘இன்னாடா இது, கொழாய்க்கு சளி புடிச்சிருக்குது’ன்னு கேட்டா ஜாஸுன்னு சொல்லு, நம்பலன்னா திரும்ப ஊது. பலாப்பழம் திங்காம வா. வாத்தியாருக்கு வெத்தல பாக்கு, முகவீணைக்காரருக்கு ரெண்டு கட்டு சுருட்டு, வேனுக்கு டீசலு. மூணும் உன் செலவு. அடுத்த கோர்ஸுக்கு எடுத்து வெச்சிருக்கிற காசு இருக்குது இல்ல, அதுலேர்ந்து எடு.